ரசத்தில் உப்புப் பார்த்த குற்றம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள்; பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சேந்தவர்மர் என்ற மன்னர் அதை ஆண்டார். நல்ல மனிதர்தான். குடிகளை வாட்ட மாட்டார், அண்டை நாட்டோடு வம்புக்குப் போக மாட்டார். புகழ்ச்சி என்றால் மட்டும் வெயிலில் வைத்த வெண்ணெயாக உருகிவிடுவார்.

ஒருநாள் எங்கிருந்தோ வந்த புலவர் ஒருவர் அவரை 'முறை கடைப்பிடிக்கும் மன்னவா' என்று பாடிவிட்டுப் பரிசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மன்னருக்குத் தலைகால் புரியவில்லை. பல் துலக்கும்போதும் அந்தச் சொல், பல்லக்கில் ஏறும்போதும் அந்தச் சொல். கடைசியில் சபையைக் கூட்டினார்.

"கடைப்பிடித்தல் என்ற சொல்லுக்குச் சரியான பொருள் வேண்டும். அகராதிப் பொருள் மட்டும் போதாது. அதை எப்படிப் புழங்க வேண்டும் என்றும் காட்ட வேண்டும். காட்டுபவருக்கு என் கையில் இருக்கும் இந்தப் பொற்கடகம்" என்று அறிவித்தார்.

புலவர்கள் எழுந்தார்கள். விடாது பற்றுதல் என்றார் ஒருவர். இறுதிவரை கைக்கொள்ளுதல் என்றார் இன்னொருவர். நெறியினின்று வழுவாது நிற்றல் என்று மூன்றாமவர் தொடங்கி, நின்ற இடத்தை விட்டு வழுவாமல் வெகுநேரம் பேசினார். மன்னருக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

அப்போது விருத்தகிரியார் எழுந்தார். இவர் அந்த அரண்மனையின் ஆசாரத் தலைவர். மன்னர் எந்தக் காலை முதலில் ஊன்ற வேண்டும், எவர் எங்கே நிற்க வேண்டும், யார் எப்போது தும்மலாம் என்பதெல்லாம் இவர் வைத்ததுதான் சட்டம். ஒன்றும் எழுதி வைத்ததில்லை. எல்லாம் இவர் தலைக்குள்ளே இருந்தது. நேற்று முளைத்த வழக்கத்தைக்கூட இவர் பழைய வழக்கம் என்று சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது.

"அரசே, சொல்லின் பொருளைச் சொல்லால் சொல்வது புலவர் வேலை. நான் செயலால் காட்டுகிறேன்" என்று கையைத் தட்டினார். காவலர்கள் மடைப்பள்ளி அங்காயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அங்காயி மன்னருக்குச் சமைப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அரண்மனை அடுப்பே கதி என்று கிடப்பவள். ஒரே மகள். அந்தப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து, இன்றோ நாளையோ என்று இருந்தாள். அங்காயியின் புடவையில் இன்னும் மிளகுப்பொடி ஒட்டியிருந்தது. இழுத்து வந்த அவசரத்தில் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைக்கக்கூட அவளை விடவில்லை.

"இந்தப் பெண் மன்னர் உண்ணும் முன்பே மன்னரின் ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். என் கண்ணால் கண்டேன்" என்றார் விருத்தகிரியார். "மன்னர் நாவில் படுமுன் வேறெந்த நாவிலும் அமுது படலாகாது. இது தங்கள் தந்தையார் வகுத்த முறை. மீறியவரை நாட்டின் எல்லைக்கு அப்பால் விட வேண்டும். அப்படி விடுவதுதான் கடைப்பிடித்தல்."

"உப்புதான் சாமி பார்த்தேன்" என்றாள் அங்காயி. "உப்பு பாக்காம எப்படி சாமி சமைக்கிறது?"

"பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டுவிட்டாள்."

உள்விவகாரம் வேறு. முந்தின நாள் விருத்தகிரியார் மடைப்பள்ளிப் பக்கம் வந்து, மன்னருக்குச் சுட்ட வடையில் சூடாக நாலு கேட்டார். மன்னர் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள் அங்காயி. முறையைக் காப்பாற்றியது அவள்தான். அந்த வயிற்றெரிச்சல்தான் மறுநாள் ஆசாரமாக வந்து நின்றது.

தூணோரமாக உட்கார்ந்திருந்த ஒருவன் கலகலவென்று சிரித்தான். அவன் பெயர் சுக்கையன், அரண்மனை விகடன். வாயில் சிரிப்பு வந்ததே தவிர, அவனுக்கு உள்ளே பற்றி எரிந்தது. பஞ்சத்தில் அடிபட்டு இந்த ஊருக்கு வந்த நாளில், யார் என்ன என்று கேட்காமல் இலை போட்டவள் அங்காயி. அன்றிலிருந்து அவள் அவனுக்கு அக்கா. எழுந்து போய் விருத்தகிரியார் காதைக் கடித்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் விகடன் கோபப்பட்டால் சபை கேட்காது, சிரித்தால்தான் திரும்பிப் பார்க்கும்.

"ஏன் சிரித்தாய்?" என்றார் மன்னர்.

"இவ்வளவு சுலபமான பொருளா என்று சிரித்தேன், மன்னா. சமையற்காரியை விரட்டிவிட்டால் கடைப்பிடித்தல் ஆகிவிடுமானால், நாட்டில் எல்லோரும் கடைப்பிடித்துவிடலாமே. எனக்கு நாளை ஒரு பகல் கொடுங்கள். தலைவர் என்னென்ன முறை சொல்கிறாரோ அத்தனையும் ஒரு குறையில்லாமல் நடத்திக் காட்டுகிறேன். சொல்லின் பொருள் தானாகத் தெரியும். தெரியாவிட்டால் அக்காளோடு நானும் மூட்டை கட்டுகிறேன்."

விருத்தகிரியாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சுக்கையன் வாயைத் திறந்தால் மன்னர் சிரிக்கிறார், தாம் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிறார் என்று அவருக்குப் பல வருட வருத்தம். ஒரே நாளில் இரண்டு தொல்லையும் ஒழிந்தால் கசக்குமா என்ன?

"ஆகட்டும், அரசே" என்றார். "ஆனால் ஒரு முறைகூடத் தவறக் கூடாது."

"தவறாது" என்றான் சுக்கையன். "அங்காயிக்குச் சொன்ன தண்டனை நாளை மீறுபவர் எவருக்கும் உண்டு என்று மன்னர் வாக்குக் கொடுக்க வேண்டும். எவருக்கும்."

மன்னர் புகழ்போதையில் இருந்தார். "எவருக்கும். என்னையும் சேர்த்துத்தான்" என்று மார்பைத் தட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அங்காயி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். "என்னைப் பத்திக்கூடக் கவலை இல்ல தம்பி. வலி எடுக்கிற நேரத்துல அந்தப் பொண்ணு யார் கையைப் பிடிச்சுக்குவா? அதை நெனச்சாத்தான் தாங்கல."

"நாளைக்கு நீ ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. அந்த மனுஷன் சொல்றதை அப்படியே செய். உப்பு மட்டும் பாக்காத."

"பாக்காம வச்சா வாயில வைக்க முடியாதேடா."

"முடியாம போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான் சுக்கையன்.

பொழுது விடிந்தது. மன்னர் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கப் போனார். பல்லி சொன்னது.

"தலைவரே, இதற்கு என்ன முறை?" என்று கேட்டான் சுக்கையன்.

"மன்னர் எழும் வேளையில் பல்லி சொன்னால் மீண்டும் கட்டிலில் அமர வேண்டும். அது மறுபடி சொன்ன பிறகே எழ வேண்டும்" என்றார் விருத்தகிரியார்.

வழக்கமாக என்ன நடக்கும் தெரியுமா? யாராவது ஒரு பணியாள் மூலையில் நின்று நாக்கைத் தட்டுவான். எல்லோரும் அது பல்லி என்பார்கள். மன்னர் எழுந்து போய்விடுவார். அன்றும் ஒருவன் நாக்கைத் தட்டினான். சுக்கையன் அவனைப் பிடித்து, "நீ பல்லியா?" என்று கேட்டான். அவன் நழுவி வெளியே போய்விட்டான். நிஜப் பல்லிக்கோ மன்னர், மந்திரி என்ற மரியாதை எல்லாம் கிடையாது. அது பூச்சி பிடிக்கப் போய்விட்டது. மன்னர் காலை மடக்கிக்கொண்டு உத்தரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது திரும்பி வந்து சொன்னபோது வெயில் முற்றத்தில் இறங்கியிருந்தது, மன்னரின் கால் மரத்துப்போயிருந்தது.

இதற்கிடையே விருத்தகிரியார் மடைப்பள்ளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அங்காயி நாக்கை நீட்டுகிறாளா என்று பார்ப்பதுதான் வேலை. அவர் அப்படி முறைத்துக்கொண்டே இருந்ததில் அவளுக்குக் கவனம் தப்பியது.

"சாமி, ரசத்துக்கு உப்பு போட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியல. துளி வாயில விட்டா தெரிஞ்சுடும்."

"வாயில் விட்டால் எல்லைக்குத்தான். சந்தேகமானால் இன்னொரு பிடி போடு."

போட்டாள். கொஞ்ச நேரத்தில் குழம்புக்கும் அதே சந்தேகம் வந்தது. அதற்கும் அதே தீர்ப்பு. பொரியலுக்கும் அப்படியே. ஆசாரத் தலைவர் சொல்லால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சமையல் நடந்தது.

உச்சிப்பொழுதில் மன்னர் இலை முன்னால் அமர்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சபையார் அனைவரும் வரிசையாக நின்றார்கள்; மன்னர் உண்ணும் முன் அரண்மனையில் யாரும் உண்ணக் கூடாது என்பதும் ஒரு முறை. மற்ற நாட்களில் எல்லோரும் வீட்டில் ஒரு கை பார்த்துவிட்டு வந்து பசியோடு நிற்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அன்று சுக்கையன் விடியும் முன்பே ஆள் விட்டு எல்லோரையும் அரண்மனைக்குள் கூட்டிவந்துவிட்டதால், முகத்தில் இருந்தது நிஜப் பசி.

அமுது சோதிப்பவர் வாசலில் நின்று ரசத்தை அகப்பையில் எடுத்தார், வாயைத் திறந்தார், அகப்பையை மூக்குக்கு நேரே காட்டினார், வாயை மூடினார். "நன்று" என்றார். இதுதான் அங்கே பல காலமாக நடந்துவந்த சோதனை.

"நில்லும்" என்றான் சுக்கையன். "தலைவரே, முறை என்ன? காட்டினால் போதுமா, நாக்கில் பட வேண்டுமா?"

விருத்தகிரியார் யோசிக்காமல் சொன்னார்: "நாக்கில் பட வேண்டும். மன்னரின் பாட்டனார் காலத்தில் நஞ்சுக்கு அஞ்சி வகுத்த முறை. சோதிக்காத அமுது மன்னர் இலையில் விழக் கூடாது."

"சரி. சோதிப்பவரே, நாக்கில் விடும்."

அந்த மனிதர் நாக்கை நீட்டினார். "ஐயோ, பொறும்" என்றான் சுக்கையன். "மன்னர் நாவில் படுமுன் வேறெந்த நாவிலும் படலாகாது என்று மன்னரின் தந்தையார் வகுத்திருக்கிறாரே. நேற்றுத்தானே தலைவர் சொன்னார்? விட்டால் தந்தையாருக்குத் துரோகம். விடாவிட்டால் பாட்டனாருக்குத் துரோகம். தலைவரே, யாருக்குத் துரோகம் செய்யலாம்?"

விருத்தகிரியார் மேல்துண்டை எடுத்து முகத்தை விசிறிக்கொண்டார்.

சோதிப்பவர் அகப்பையை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றார். ரசத்தின் ஆவி அடங்கியது. அப்பளம் நமுத்துப்போனது. மன்னர் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. அரசர்க்குப் பசி உண்டு என்று காட்டிக்கொள்வது முறையில்லை. வாய் சொல்லாததை வயிறு சொன்னது, சபை முழுக்கக் கேட்கும்படி.

சுக்கையன் பணிவாகக் குனிந்தான். "தலைவரே, மன்னர் வயிறு பேசும்போது நாங்கள் எழுந்து நிற்க வேண்டுமா, வணங்க வேண்டுமா? முறை தெரியவில்லை."

மன்னர் பொறுக்க மாட்டாமல் தாமே குழம்புப் பாத்திரத்துக்குக் கையை நீட்டினார்.

"மன்னா, சோதிக்காததைத் தொட்டால் அது மீறல்" என்றான் சுக்கையன். "எவருக்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எல்லை வரைக்கும் பல்லக்கு ஏற்பாடு செய்யட்டுமா?"

மன்னர் கையை இழுத்துக்கொண்டார். வெயில் சாயத் தொடங்கியது. மூத்த அமைச்சர் தூணில் சாய்ந்துவிட்டார். நேற்று நின்ற இடத்தை விட்டு வழுவாமல் பேசிய புலவர் இன்று தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோருடைய கண்ணும் விருத்தகிரியார் மீது திரும்பியது. அந்தப் பார்வையில் அன்பு இல்லை.

"விருத்தகிரியாரே" என்றார் மன்னர், பல்லைக் கடித்துக்கொண்டு. "வழி சொல்லும். உடனே சொல்லும்."

விருத்தகிரியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "அரசே, முறையின் உட்பொருளைப் பார்க்க வேண்டும். நாவின் நுனியில் ஒரு துளி படுவது உண்பது ஆகாது."

"ஆகாது" என்றார் மன்னர் அவசரமாக.

"உள்ளங்கையில் விட்டுப் பார்த்தால் பாத்திரத்தில் எச்சில் படுவதும் இல்லை."

"இல்லை, இல்லை."

"மேலும், மன்னர் நன்றாக உண்ண வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமே அல்ல. கடமை."

சபை முழுதும் ஆமோதித்து முனகியது. பசித்தவர்களுக்கு எந்த நியாயமும் நியாயம்தான்.

"ஐயா, அதை இன்னொரு தடவை கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்" என்றான் சுக்கையன். "அங்காயி அக்கா வாசலில் நிற்கிறாள். அவள் காதிலும் விழட்டும்."

அப்போதுதான் விருத்தகிரியாருக்குத் தாம் எங்கே வந்து நிற்கிறோம் என்று உறைத்தது. மன்னர் அவரைப் பார்த்தார், அங்காயியைப் பார்த்தார்.

"அரசே" என்று தடுமாறினார் அவர். "அவள் செய்தது வேறு. நான் சொல்வது வேறு. அவள் சமையற்காரி."

"இதுதான் மன்னா, நீங்கள் கேட்ட பொருள்" என்றான் சுக்கையன். அவன் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "இந்த அரண்மனையில் அந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறார்கள் என்று கேட்டீர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். கடைப்பிடிப்பது அங்காயியின் வேலை. கடைப்பிடிக்கவில்லை என்று சொல்வது தலைவரின் வேலை. ஒரே துளி, ஒரே உள்ளங்கை. அக்காள் நக்கினால் மீறல், ஐயா நக்கச் சொன்னால் உட்பொருள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு என்பதும் இந்த நாட்டு முறைதான். அதை யார் கடைப்பிடிப்பது என்று நேற்று ஒருவரும் கேட்கவில்லை."

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு விருத்தகிரியாரிடம் சொன்னார்: "நீரே சோதியும். நீர் செய்வது குற்றமில்லை என்றால் அவள் செய்ததும் குற்றமில்லை. குற்றம்தான் என்றால் இருவரும் சேர்ந்து எல்லைக்குப் போங்கள். எது என்று நீரே சொல்லும்."

விருத்தகிரியார் பாவம், வேறென்ன செய்வார்? "குற்றமில்லை, அரசே. இருவருக்கும்" என்றார் தரையைப் பார்த்தபடி. வாசலில் அங்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். சுக்கையன் அதைப் பார்க்காததுபோலத் தலைப்பாகையைச் சரிசெய்தான்.

விருத்தகிரியார் உள்ளங்கையில் ரசத்தை விட்டு நாக்கில் வைத்தார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல் ஆயிற்று. காது மடல் சிவந்தது.

"எப்படி இருக்கிறது?" என்றார் மன்னர்.

"மன்னரின் அமுதைக் குறை கூறுவது முறையில்லை அல்லவா, தலைவரே?" என்று பக்கத்திலிருந்து நினைவூட்டினான் சுக்கையன்.

விருத்தகிரியார் விழுங்கினார். "அமிர்தம், அரசே" என்றார் கம்மிய குரலில்.

அவ்வளவுதான். நாள் முழுக்கக் காய்ந்து கிடந்த மன்னர் ரசத்தைச் சோற்றில் ஊற்றி, ஒரு பெரிய கவளமாக அள்ளி வாய் நிறையப் போட்டுக்கொண்டார். கடலையே குடித்ததுபோல் இருந்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கண்ணில் நீர் கொட்ட, கையை ஆட்டித் தண்ணீர் கேட்டார். ஒரு குடம் தண்ணீர் போன பிறகுதான் பேச்சு வந்தது.

"அங்காயி, இது என்ன?"

"உப்பு பாக்கல மகாராசா" என்றாள் அவள். "பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. சந்தேகம்னு கேட்டப்பல்லாம் இன்னொரு பிடி போடச் சொன்னதும் அந்தச் சாமிதான்."

மன்னர் விருத்தகிரியாரைப் பார்த்தார். உப்பில் சுருங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்த பிறகு சபையும் சிரித்தது. அங்காயி உள்ளே ஓடி, கைக்கு வந்ததை வைத்து ஒரு கலவைச் சாதம் கிளறி, உள்ளங்கையில் எடுத்து எல்லோரும் பார்க்க உப்புப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து பரிமாறினாள். அன்று மன்னர் சாப்பிட்ட சாப்பாட்டைப் போல அவர் பட்டாபிஷேகத்தன்றுகூடச் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பொற்கடகத்தைக் கழற்றிச் சுக்கையன் கையில் மாட்டினார். பிறகு சபைக்கு ஒரு கட்டளை இட்டார்: "முறைகள் இருக்கட்டும். இந்த அரண்மனையில் ஒரு முறை நடக்க வேண்டுமானால், அதைச் சொல்லும் ஆசாரத் தலைவர் முதலில் ஒரு மாதம் தாமே அதைக் கடைப்பிடித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. விருத்தகிரியாரே, நாளைக் காலை வந்து முறைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லும்."

அன்று இரவே அங்காயிக்குப் பேரன் பிறந்தான். வலி எடுத்த நேரத்தில் மகளின் கையை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சபை கூடியது. விருத்தகிரியார் வந்தார், வணங்கினார், வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வயதாகிவிட்டதால் பெரும்பாலான முறைகள் தமக்கு மறந்துபோய்விட்டன என்று மன்னரிடம் தெரிவித்துக்கொண்டார். மன்னர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தால் நமக்கும் சோறு ஆறிவிடும். கதை இத்தோடு போதும், போய்ச் சாப்பிடுங்கள்.